வடிப்பானும் இராகமும்

மின்கருவியில் பிறக்கும் ஓசை இசையாகுமா என்னும் வினா இன்னும் ஓய்ந்தபாடில்லை. “விசையை அழுத்தினால் ஓசை வருகிறது; இதில் மனிதன் செய்தது யாது?” என்று கேட்பாரும் உளர், “இனி வீணையும் வேண்டா, குழலும் வேண்டா” என்று முழங்குவாரும் உளர். இரு சாராரும் கருவியை உற்று நோக்கியவரல்லர்.

உற்று நோக்குதற்கு ஏற்ற இசைத்தட்டு ஒன்றுண்டு. மும்பைத் திரையிசையில் வாத்தியக் கலைஞராக உழைத்த சரண்ஜித் சிங், 1982இல் வெளியிட்ட ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்பதே அது. பத்து இந்துஸ்தானி இராகங்களை நடனத் தாளத்தோடு மின்கருவிகளில் இசைத்தார். அன்று கவனிப்பாரற்றுக் கிடந்த அத்தட்டு, 2010இல் மறுபதிப்புப் பெற்றபின் பல நாடுகளிலும் பேசப்பட்டது.

அவர் கையாண்டவை சப்பானிய ரோலண்டு நிறுவனத்தின் மூன்று கருவிகள். ஜுப்பிட்டர் 8 மேற்பண்ணைப் பாட, டிஆர் 808 தாளம் கொட்ட, டிபி 303 என்னும் சிறு பெட்டி கீழ்ச்சுரங்களை ஓடவிடுகிறது. நம் ஆராய்ச்சிக்கு உரியது இச்சிறு பெட்டியே.

இப்பெட்டி எழுப்பும் மூல ஓசை கரடுமுரடானது. வாள்பல் வடிவ அலையைத் தேர்ந்தால், அதில் அடிச்சுரத்தோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு என மேற்சுரங்கள் அடுக்கடுக்காய் நிற்கும். அடிச்சுரம் நொடிக்கு 110 அதிர்வு எனின், 220, 330, 440, 550 எனத் தொடரும். வடிப்பான் தாழ்ந்தவற்றைப் போகவிட்டு உயர்ந்தவற்றை மட்டுப்படுத்தும். எல்லையை 500இல் வைத்தால் முதல் நான்கும் தெளிவாய் வரும். ஏனையவை மேலே செல்லச் செல்ல மெலியும். ஓசை இருண்டு கனக்கும். எல்லையை உயர்த்தினால் ஓசை பளிச்சிடும். எல்லையருகே நிற்கும் அதிர்வுகளை மட்டும் மிகுத்துக் காட்ட மற்றொரு குமிழ் உண்டு. அதைக் கூட்டினால் ஓசை மூக்கால் பேசுவது போலாகும். ஒவ்வொரு சுரமும் எழும்போது எல்லை எவ்வளவு திறக்க வேண்டும், எவ்வளவு விரைவில் மூட வேண்டும் என்பதற்கு வேறிரு குமிழ்கள். ஆக, வடிப்பானின் வேலை பெரும்பாலும் கழித்தலே. எதை, எப்பொழுது கழிப்பது என்பதிலேதான் கலைஞனின் கை இருக்கிறது.

ஆசிரியர்க்கு இது புதிதன்று. குரல்வளை தருவது ஓர் ஓசை. அதை வடித்து உயிரெழுத்தாக்குவன வாயும் நாவும் இதழுமே. தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துகளின் பிறப்பை உறுப்புகளின் தொழிலால் வகுத்திருப்பதை நாம் கற்பிக்கிறோம். மாணவனை ஒரே சுருதியில் ‘ஊ’ எனத் தொடங்கி, மெல்ல வாய் திறந்து ‘ஆ’ என முடிக்கச் சொல்லுங்கள். சுரம் மாறவில்லை, நிறம் மாறிற்று. குமிழைத் திருப்புவதும் இதுவே.

இவ்வறிவோடு தட்டைக் கேட்டால் அதன் சிறப்பும் குறையும் விளங்கும். கீழே ஒரு சிறு சுரக்கோவை ஓயாது சுழல்கிறது. வெறுமனே சுழன்றால் செவி சலிக்கும். வடிப்பான் திறந்தும் மூடியும் சுரங்களுக்கு நிறம் ஊட்டுவதால் சலிப்பு அகல்கிறது. இது சிங்கின் வெற்றி.

ஆனால் இராகம் வெறும் சுரவரிசையன்று. யமனை நம் கல்யாணிக்கும், பூபாலியை மோகனத்துக்கும், மால்கௌன்சை இந்தோளத்துக்கும் ஒப்பிடுவர். அவற்றின் உயிர், சுரம் அசைவதிலும் நின்று இளைப்பாறுவதிலும் உள்ளது. வடிப்பான் நிறத்தை ஆள்வது, சுரத்தை அசைப்பதன்று. 303இல் ஒரு சுரத்திலிருந்து மறுசுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதி உண்டெனினும், வழுக்கல் எல்லாம் கமகம் ஆகா. மேலும், ஓயாத நடனத் தாளம் ஆலாபனைக்குரிய ஓய்வை மறுக்கிறது. பத்து இராகங்களும் ஏறத்தாழ ஒரே உடையில் வருகின்றன. இது தட்டின் குறை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1987இல் சிகாகோவின் ஃபியூச்சர் குழுவினர் இதே 303ஐக் கொண்டு ‘ஆசிட் டிராக்ஸ்’ என்னும் தட்டை வெளியிட்டனர். ஆசிட் ஹவுஸ் என்னும் இசைவகை அதிலிருந்து பரவிற்று. சிங்கின் தட்டு அதற்கு 5 ஆண்டு முந்தியது. உடனே, “இதையும் நாமே கண்டோம்” என்று மார்தட்டுவோர் எழுந்தனர். சிங்கிடமிருந்து சிகாகோவினர் கற்றதாகச் சான்று ஏதுமில்லை. முந்தியது என்பது ஒன்று. மூலமானது என்பது வேறு. அன்றியும் நோக்கமே வேறு. சிகாகோவினர் இசை நடக்கும்போதே குமிழ்களைத் திருப்பித் திருப்பி, அத்திருப்பத்தையே பாட்டாக்கினர். சிங்குக்கோ பாட்டு இராகம். வடிப்பான் அதற்கு வண்ணம். இவ்வேறுபாட்டை மறைத்துப் புகழ்வது, 2015இல் மறைந்த அக்கலைஞரின் உண்மையான முயற்சியை நாமே மறைப்பதாகும்.

இன்று கைப்பேசியிலேயே இக்கருவியின் போலிகள் கிடைக்கின்றன. மாணவர் கையில் அவை இருக்கின்றன. “அது இசையன்று” என்று தள்ளிவிட்டால் அவர்கள் நம்மிடம் கேட்கமாட்டார்கள். “எல்லாம் இசையே” என்று விட்டுவிட்டால் கேட்கக் கற்கமாட்டார்கள். இவ்வோசையில் எது நீக்கப்பட்டது, எதற்காக நீக்கப்பட்டது என்று கேட்கப் பழக்குவோம். திறனாய்வு அங்கே தொடங்கும்.