சீட்டு வரும் முன்னே ஒரு பந்தயம்

லாஸ் வேகஸில் ஒன்று–இரண்டு டாலர் ஹோல்டெம் போக்கர் மேசை. கட்டாயப் பந்தயம் இருவருக்குத்தான்: டீலர் இடத்தைக் குறிக்கும் பட்டனுக்கு இடப்பக்கம் இருப்பவர் 1 டாலர் ஸ்மால் பிளைண்ட் வைக்க வேண்டும், அடுத்தவர் 2 டாலர் பிக் பிளைண்ட். மூன்றாமவரை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் டீலர் சீட்டுப் போடுமுன் அவர் 4 டாலரை முன்னே தள்ளுகிறார். இதுதான் ஸ்ட்ராடில்.

புதிதாகப் பார்ப்பவருக்கு வெறும் வீம்பாகத் தெரியும். கணக்கும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறது: என்ன சீட்டு வரும் என்று தெரியாமல் கட்டும் பணம் நாளடைவில் நஷ்டமே. நம் ஊர் மூணு சீட்டில் பிளைண்ட் ஆடுபவருக்குச் சலுகை உண்டு. சீட்டைப் பார்த்தவர் கட்டுவதில் பாதி கட்டினால் போதும். போக்கரில் அந்தத் தள்ளுபடி இல்லை. பதிலுக்குக் கிடைப்பது கடைசிப் பேச்சு. முதல் சுற்றில் மற்ற எல்லோரும் முடிவு சொன்ன பிறகே அவர் முறை வரும். ஒருவரும் ஏற்றாவிட்டாலும் அவர் ஏற்றலாம்.

அந்த வசதியும் ஒரு சுற்றோடு சரி. முதல் மூன்று பொதுச் சீட்டான ஃப்ளாப் விழுந்ததும், பிளைண்ட் இருவருக்கு அடுத்தபடி முதலில் வாய் திறக்க வேண்டியவர் அவரே.

பிறகு எங்கே இருக்கிறது இதன் அழகு? ஆட்டத்தின் ஆழத்தையே ஒரு சிப் மாற்றிவிடுவதில். 200 டாலரோடு உட்கார்ந்திருப்பவரிடம் இருந்தது 100 பிக் பிளைண்ட். 4 டாலர் விழுந்ததும் அதே பணம் ஸ்ட்ராடிலின் 50 மடங்குதான். நான்கு சுற்றும் நிதானமாகத் திறமை காட்டுபவருக்கு அங்கே இடம் சுருங்கிவிடுகிறது. அதனால்தான் தேர்ந்த கைகள் தம்மிடமும் எதிராளியிடமும் சிப் குவிந்திருக்கும் வேளை பார்த்தே ஸ்ட்ராடில் போடுகின்றன. 2006-இல் தொடங்கிய ‘ஹை ஸ்டேக்ஸ் போக்கர்’ தொலைக்காட்சி ஆட்டத்தில் தொடக்கத்தில் பிளைண்ட் 300, 600 டாலராக இருந்தது. ஆனால் குறைந்தது 1,00,000 டாலரோடு உட்கார வேண்டியிருந்தது. 1,200 டாலர் ஸ்ட்ராடில் விழுந்த பிறகும் 80 மடங்குக்கு மேல் மிச்சம் இருந்தது. ஆட்டம் சூடேறியதே தவிர ஆழம் வற்றவில்லை.

மேசையே கூடிப் பேசி ஆளுக்கொரு முறை போடுவதும் உண்டு. அப்போது பாதகம் எல்லோருக்கும் பொதுவாகிறது. கிளப் எடுக்கும் கமிஷனுக்கு உச்சவரம்பு இருந்தால், மேசை நடுவே குவியும் பெரிய தொகையில் அது சின்னப் பங்காகிவிடும்.

ஸ்ட்ராடில் வகைகளில் மிக நுட்பமானது பட்டன் ஸ்ட்ராடில். பட்டனில் இருப்பவர் ஃப்ளாப்புக்குப் பின் எப்படியும் கடைசி. ஸ்ட்ராடில் போட்டால் அதற்கு முன்பும் கடைசி. ஆக, ஆட்டம் முழுக்க அவர் எல்லோரையும் பார்த்துவிட்டே பேசுகிறார். சில கூடங்களில் பேச்சு ஸ்மால் பிளைண்டிலிருந்து தொடங்கும். சுமாரான சீட்டோடு மேசை மொத்தத்துக்கும் முன்னால் முடிவெடுக்கும் ஸ்மால் பிளைண்ட்காரர் நிலைதான் பரிதாபம். வேறு சில கூடங்களில் பிக் பிளைண்டுக்கு அடுத்தவரிடமிருந்து தொடங்கும். உட்காருமுன் இதை டீலரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

டோர்னமென்ட்டில் பொதுவாக ஸ்ட்ராடிலுக்கு இடமில்லை; அங்கே பிளைண்ட் நேரக் கணக்கில் தானே ஏறும்.