நடுவேனிற் கனவில் நகையும் காதலும்

எள்ளலும் இளமையும் பேதைமையும் மடமையும் நகைப்புக்கு நிலைக்களன்கள் எனத் தொல்காப்பியர் வகுத்தார். இந்நான்கும் ஒருங்கே அமைந்த ஆங்கில நாடகம் ஒன்றுண்டு. சேக்ஸ்பியர் 1595, 1596ஆம் ஆண்டளவில் இயற்றியதாகக் கருதப்படுவதும், 1600இல் அச்சேறியதுமான ‘நடுவேனிற் கனவு’ என்பதே அது. காதல் அறிவுக்கு அடங்காதது என்பதை இந்நாடகம் நகைச்சுவையாற் புலப்படுத்துகின்றது என்பர். அஃது உண்மையே, ஆயின் முழு உண்மையன்று. அறிவுக்கு ஒவ்வாமையைக் காதலரிடத்து மட்டுமோ ஆசிரியர் காண்கின்றார் என்பது ஆராயத்தக்கது.

ஏதென்ஸ் நகரத்து ஈஜியஸ் தன் மகள் ஹேர்மியாவை டெமேற்றியஸுக்கு மணமுடிக்க விரும்புகின்றான். அவளோ லைசாண்டரைக் காதலிக்கின்றாள். தந்தை சொல்லை மறுக்கும் மகளுக்கு இறப்பு, அன்றேல் கன்னிமாடத்து நோன்பு என்பது அந்நகர்ச் சட்டம். காதலர் இருவரும் இரவிற் காட்டுக்குள் ஓடுகின்றனர். அவர்களைத் தேடி டெமேற்றியஸும், அவனைக் காதலிக்கும் ஹெலெனாவும் பின்தொடர்கின்றனர். அங்கே வனதேவதைகளின் அரசனாகிய ஓபறனும் அவனுடைய ஏவலனாகிய பக்கும் உறங்குவோர் கண்களில் மலர்ச்சாற்றைப் பிழிகின்றனர். விழித்தவர் முதலிற் காணும் உயிர்மீது காதல்கொள்வர்.

ஆள்மயக்கமே ஆசிரியர் கையாளும் முதல் உத்தி. ஏதென்ஸ் நகரத்து உடையை மட்டும் அடையாளமாகக் கொண்ட பக், டெமேற்றியஸுக்குரிய சாற்றை லைசாண்டருக்கு இட்டுவிடுகின்றான். விழித்தெழுந்த லைசாண்டர் ஹெலெனாவைக் கண்டு, தன் அறிவு முதிர்ந்தமையாலேயே அவளை விரும்புவதாக வாதிடுகின்றான். சாற்றின் செயலை அறிவின் செயலென அவன் மயங்குவதை அவையோர் அறிவர், அவன் அறியான். இம்முரணே நகையை விளைவிக்கின்றது.

எனினும் குற்றம் முழுவதையும் சாற்றின்மேற் சுமத்தல் பொருந்தாது. நாடகம் தொடங்குமுன்னரே டெமேற்றியஸ் ஹெலெனாவைக் காதலித்து, பின்னர் அவளைக் கைவிட்டு ஹேர்மியாவை நாடியவன். அம்மாற்றத்தை எந்தச் சாறும் விளைவிக்கவில்லை. மேலும், இறுதியில் லைசாண்டரின் மயக்கம் மாற்றுச் சாற்றால் நீக்கப்படுகின்றது. டெமேற்றியஸின் மயக்கமோ நீக்கப்படுவதில்லை. ஆகவே, மனித உள்ளத்தில் மறைவாக நிகழ்வதை விரைவாகவும் வெளிப்படையாகவும் காட்டும் கருவியே மலர்ச்சாறு எனலாம்.

அடுத்த உத்தி ஒவ்வாதனவற்றை இணைத்தல். வனதேவதைகளின் அரசி ரைற்றானியா, கழுதைத் தலை பெற்ற நெசவாளன் பொற்றத்தின் குரலையும் அழகையும் புகழ்கின்றாள். அவள் இன்கவி பொழிய, அவன் வைக்கோலை விரும்புகின்றான். அறிவும் காதலும் இணைந்து பழகுதல் அரிது என்னும் உண்மையைக் கழுதைத் தலையன் வாயினின்றே ஆசிரியர் வரவழைத்திருப்பது வியக்கத்தக்கது.

இறுதி அங்கத்தில் நாடகத்துள் நாடகம் ஒன்று நிகழ்கின்றது. ஒவிட் பாடிய பிரமஸ், திஸ்பி என்னும் காதலரின் துயரக் கதையைத் தொழிலாளர் சிலர் நடித்துச் சிரிப்புக்கு இடமாக்குகின்றனர். லைசாண்டரும் டெமேற்றியஸும் அதனை எள்ளுகின்றனர். பெற்றோர் தடையால் இரவில் ஓடிய காதலரின் கதை தம் கதையே என்பதை அவர்கள் உணர்ந்திலர்.

இனி, ஈஜியஸை நோக்குவோம். குலத்தாலும் செல்வத்தாலும் லைசாண்டர் டெமேற்றியஸுக்குக் குறைந்தவனல்லன். அவ்வாறாயின் தந்தையின் தெரிவுக்குக் காரணம் யாது? தன் விருப்பம் என்பதன்றி வேறொன்றையும் அவன் காட்டவில்லை. காதலரின் பேதைமை ஓரிரவுக் குழப்பத்தோடு ஒழிந்தது. தந்தையின் பேதைமையோ சட்டத்தின் துணைகொண்டு மகளின் உயிரையே கேட்டது. முதல் அங்கத்திற் சட்டத்தைத் தளர்த்தல் இயலாதென்ற தீசியஸ் மன்னன், டெமேற்றியஸின் மனமாற்றத்தைக் கண்டபின் ஈஜியஸின் விருப்பத்தைப் புறந்தள்ளுகின்றான். ஹேர்மியாவின் வேண்டுகோளுக்கு அசையாத சட்டம் மலர்ச்சாற்றுக்கு அசைந்தது. இந்நாடகத்தின் ஆழமான நகை இதுவே.

காதலரைப் பித்தரோடும் புலவரோடும் ஒருங்குவைத்துத் தீசியஸ் பேசுகின்றான். ஹிப்பொலிற்றா அதனை ஏற்கவில்லை. நால்வர் கூற்றும் ஒத்திருத்தலால் அதில் உறுதிப்பொருள் ஒன்று உண்டென்கின்றாள். ஆசிரியரும் அவள் பக்கமே நிற்கின்றார் என்பது எம் துணிபு. காதலுக்குக் காரணம் காட்டல் இயலாது. ஆயினும் காரணம் இன்மையால் அது பொய்யாகிவிடாது. காதலைப் பார்த்து நகைப்போர், அதனைத் தடுப்போரிடத்தும் அறிவு உண்டோ என ஒருகால் வினாவுதல் வேண்டும்.