ஒரே வீட்டில் இரு மௌனங்கள்

நெடி ஒக்கொராஃபரின் 'அகாட்டா விட்ச்' (2011) புதினத்தைச் சிறுவர் கதையென ஒதுக்குவோர் உளர். நியூயார்க்கில் பிறந்து நைஜீரியாவின் அபா நகரில் வளரும் சன்னிக்கு வயது 12. பிறவியிலேயே நிறமியற்ற மேனி, வெயில் ஆகாது. தனக்குள் மந்திர ஆற்றல் உறைவதை நண்பர்கள் வழியே அறிகிறாள். அது பாட்டி விட்டுச் சென்ற சொத்து. தாயோ அப்பாட்டியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

ஆற்றல் பரம்பரையாய் வரினும் செல்வம் அவ்வாறு வருவதில்லை. புதிதாய் ஒன்றைக் கற்கும்போதுதான் 'சிட்டிம்' என்னும் நாணயங்கள் வானிலிருந்து உதிர்கின்றன. எத்துணை அழகிய கற்பனை!

குறையும் உண்டு. தாயின் அச்சத்தை ஆசிரியர் நின்று காட்டவில்லை; சாகசம் அதனை விழுங்கிவிடுகிறது. எனினும், தாய் மகளிடம் மறைத்ததையே மகளும் தாயிடம் மறைக்க நேரும் பக்கங்களில் நெஞ்சம் கனக்கிறது.