ஆயிரத்து இருபது

மாடி வீட்டுத் தம்பி போன மாதம் ஒரு விண்ணப்பத்தோடு இறங்கி வந்தான்.

"மாமா, என் சேனலைப் பத்தி உங்க பக்கத்துல ரெண்டு வரி எழுதுங்க. சப்ஸ்க்ரைபர் ஏறும்."

பி.சி.ஏ. முடித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வேலை அமையவில்லை. சும்மா இருக்க மனசில்லாமல் புரோகிராமிங் படிக்கிற பிள்ளைகளுக்குத் தமிழில் 'டிப்ஸ்' சொல்லும் வீடியோக்கள் போட ஆரம்பித்திருக்கிறான். இதுவரை பதினோரு வீடியோ, 214 சந்தாதாரர்கள். பொங்கலுக்குள் ஆயிரம் ஆகாவிட்டால் சேதராப்பட்டில் ஒரு ஃபாக்டரியில் பேக்கிங் வேலைக்குப் போய்விட வேண்டும் என்று அப்பாவோடு ஒப்பந்தம்.

"எழுதறேன்டா. ஆனா பாத்துட்டுத்தான் எழுதுவேன்."

"நல்லா இல்லேன்னா?"

"அதையும்தான் எழுதுவேன்."

என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். எங்கள் காலத்தில் பி.காம். படித்த எல்லாரும் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பணம் கட்டி 'சி' மொழி படித்தோம். நட்சத்திரக் குறிகளால் ஒரு முக்கோணம் அச்சிட்டுப் பார்த்ததோடு என் பயணம் முடிந்தது. கையில் மிஞ்சியது டாலி மட்டும். ஆக, இந்த வீடியோக்கள் யாருக்காக எடுக்கப்பட்டனவோ, அந்த ஒன்றும் தெரியாத ஆசாமி நான்தான்.

அம்மாவை ஜிப்மருக்கு அழைத்துப் போன அன்று, ஓ.பி.யில் காத்திருந்தபோது பார்த்தேன். கோரிமேட்டுக்காரனுக்கு ஜிப்மர் நடந்து போகிற தூரம். ஆனால் வரிசை எல்லாருக்கும் ஒன்றுதான். விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் விடிகாலை பஸ் பிடித்து வந்தவர்கள் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நிறைய நேரம் இருந்தது.

நான் பார்த்த வீடியோ, பைத்தான் மொழியில் இரண்டு எண்களைக் கூட்டுவது எப்படி என்பது. நீளம் 12 நிமிடம் 40 விநாடி. முதல் ஐம்பது விநாடி சேனலின் பெயர் தீப்பிடித்துப் பறந்து வருகிறது. பிறகு தம்பி தோன்றி, சப்ஸ்க்ரைப் பண்ணி பெல் பட்டனை அமுக்கச் சொல்கிறான். இன்னும் ஒன்றுமே சொல்லித்தரவில்லை, அதற்குள் குருதட்சிணை! பிறகு பைத்தானின் வரலாறு. ஏழாவது நிமிடத்தில்தான் முதல் வரி வருகிறது. அதுவும் கடுகளவு எழுத்தில். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து நான் படும் பாட்டைப் பார்த்த பெரியவர் ஒருவர், "ரிசல்ட்டா தம்பி? மோசமா ஒண்ணும் இல்லியே?" என்று விசாரித்தார்.

தம்பியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவன் 12 நிமிடம் பேசியதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. யூடியூப் 2012-லிருந்து ஒரு வீடியோவை எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கே அதிக மதிப்புத் தருகிறது. 2018-ல் விதி இன்னும் இறுகியது. விளம்பரக் காசில் பங்கு வேண்டுமானால் ஆயிரம் சந்தாதாரர்கள், ஒரு வருஷத்தில் 4,000 மணி நேரப் பார்வை. நடுவில் விளம்பரம் செருக வீடியோ பத்து நிமிடமாவது ஓட வேண்டும் என்பது பழைய வழக்கம். 2020-ல் அதை எட்டு நிமிடமாகக் குறைத்தார்கள். இரண்டு நிமிடத்தில் சொல்ல முடிந்ததை இரண்டு நிமிடத்தில் சொல்கிறவனுக்கு இந்தக் கணக்கில் நஷ்டம்தான். டெபிட் கிரெடிட் படித்த எனக்கே இது புரிகிறது.

இதே பத்து நிமிடத்தை நேர் எதிராக வைத்துக்கொண்ட ஓர் இடமும் நம் நாட்டில் உண்டு. மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்'. கெமிக்கல் இன்ஜினீயரிங் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா மத்திய அரசு உதவியோடு நடத்திய திட்டம். சி, ஜாவா, பைத்தான், லினக்ஸ் எல்லாவற்றுக்கும் வீடியோ பாடங்கள் உண்டு. இங்கே பத்து நிமிடம் என்பது ஏறக்குறைய உச்சவரம்பு. திரையில் ஆங்கிலம் அப்படியே இருக்க, குரல் மட்டும் தமிழ் உட்பட நம் மொழிகளில் மாறும். ஒலிப்பதிவுக்கு முன்னால் முழுப் பாடத்தையும் எழுதி, விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்வார்கள். அவர் எங்கே முட்டிக்கொள்கிறாரோ, அங்கே திருத்துவார்கள். மாணவர் பாதித் திரையில் வீடியோவும் மீதித் திரையில் மென்பொருளுமாக வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திக் கூடவே செய்ய வேண்டும். இன்டர்நெட் சரியாக இல்லாத கல்லூரிகளுக்குப் பாடத்தை சி.டி.யில் போட்டும் கொடுத்தார்கள். பெல் பட்டன் இல்லாமலே மாணவர்களிடம் போய்ச் சேர்ந்த பாடம் அது.

எல்லாம் சரி. ஆனால் அதன் தமிழ் இருக்கிறதே... நல்வரவு சொல்லி ஆரம்பித்துக் கடைசி வரைக்கும் பள்ளிக்கூட வாசகம். குரலில் ஏற்ற இறக்கம் கிடையாது. மூன்று பாடம் தொடர்ந்து கேட்டேன், மூன்றாவதில் கண் செருகிவிட்டது. இந்த விஷயத்தில் மாடி வீட்டுத் தம்பிக்கே என் ஓட்டு. "இந்த எடத்துல கம்ப்யூட்டர் கோச்சுக்கும்" என்கிறான். அந்த ஒரு வாக்கியம் எனக்கு மறக்கவில்லை. பேச்சுத் தமிழில் பாடம் சொல்வதற்குச் சந்தை இருக்கிறது என்பதும் நிரூபணமான சங்கதி. தாய்மொழி வீடியோ பாடங்களை நம்பி 2014-ல் சென்னையில் கம்பெனியான 'குவி'யின் பெரும்பங்கை 2022-ல் எச்.சி.எல். குழுமம் வாங்கியது.

அமெரிக்காவில் ரயன் பேட்ஸ் என்று ஒருவர். 2007 மார்ச்சில் 'ரெயில்ஸ்காஸ்ட்ஸ்' என்ற பெயரில், ரூபி ஆன் ரெயில்ஸ் எழுதுகிறவர்களுக்காக வாராவாரம் சின்னச் சின்ன வீடியோக்கள் போட ஆரம்பித்தார். அவர் முகம் வராது, திரை மட்டும்தான். ஒரு வீடியோவுக்கு ஒரு விஷயம். நானூறுக்கும் மேல் போனது. உலகம் முழுக்க ஒரு தலைமுறை அதைப் பார்த்துப் படித்தது. 2013-ல் களைத்துப்போய் நிறுத்திவிட்டார். வாராவாரம் என்பது எப்பேர்ப்பட்ட சுமை என்று, வாராவாரம் இந்தப் பக்கத்தை நிரப்புகிறவனிடம் கேளுங்கள்.

ரெயில்ஸை உருவாக்கிய டேவிட் ஹைனமெயர் ஹான்சன் 2005-ல் எடுத்த விளக்க வீடியோ இன்னும் பிரசித்தம். பதினைந்து நிமிடத்தில் ஒரு வலைப்பதிவு மென்பொருளைக் கட்டிக் காட்டுகிறார். நடுவில் அங்கங்கே தடுமாறி "ஊப்ஸ்" என்கிறார். அதையெல்லாம் வெட்டவே இல்லை.

அந்த "ஊப்ஸ்" எனக்கு ஞாபகம் வந்தது தம்பியின் தங்கையால். அவள் பிளஸ் ஒன். இந்த விமர்சனத்துக்காக அவளையே சோதனை எலியாக்கினேன். ஒரு பக்கம் அண்ணன் வீடியோ, மறு பக்கம் லேப்டாப். வீடியோ முடிந்ததும் அதை மூடிவிட்டு, "இப்ப நீயா எழுதும்மா" என்றேன். எழுதினாள். முதல் எண் 10, இரண்டாவது எண் 20. கம்ப்யூட்டர் சொன்ன விடை 1020.

"அண்ணா, இது லூசு மாதிரி கூட்டுது!"

பி.காம். படித்தவன் என்ற முறையில் எனக்கும் அதே அபிப்பிராயம். ஆனால் கம்ப்யூட்டர் மேல் தப்பில்லையாம். நாம் தட்டுகிற எதையும் பைத்தான் முதலில் எழுத்தாகத்தான் வாங்கிக்கொள்ளும். எழுத்தும் எழுத்தும் சேர்ந்தால் ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். அது எண் என்று சொல்ல, 'இன்புட்' என்பதற்கு முன்னால் 'இன்ட்' என்று ஓர் உறை போட வேண்டும். வீடியோவில் அண்ணன் அந்த உறையைப் போட்டிருக்கிறான். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை.

"ஏன்டா சொல்லல?"

தலையைச் சொறிந்தான். "மொத டேக்ல எனக்கும் 1020தான் வந்துச்சு மாமா. அசிங்கமா இருக்கும்னு கட் பண்ணிட்டேன்."

பன்னிரண்டே முக்கால் நிமிட வீடியோவில் எதை வைத்திருக்க வேண்டுமோ அதை வெட்டிவிட்டு, எதை வெட்டியிருக்க வேண்டுமோ அதையெல்லாம் வைத்திருக்கிறான். இதுதான் என் விமர்சனம். அவனிடம் இதே வார்த்தைகளில் சொன்னேன். முகம் சுண்டிவிட்டது. இரண்டு நாள் மாடியிலிருந்து சத்தமே இல்லை.

மூன்றாம் நாள் புது வீடியோ அனுப்பினான். நாலு நிமிடம் 35 விநாடி. தீயில்லை, வரலாறு இல்லை. எழுத்து என் அம்மாவுக்கே தெரிகிறது. எடுத்த எடுப்பில் 10, 20 தட்டுகிறான், 1020 வருகிறது, "அய்யய்யோ" என்கிறான். அந்த "அய்யய்யோ"விலிருந்து பாடம் ஆரம்பம். எட்டு நிமிடத்தைத் தொடாததால் நடு விளம்பரத்துக்கு வழியே இல்லை. ஆயிரமும் நாலாயிரமும் எங்கேயோ நிற்கின்றன.

"இதையே போடட்டுமா மாமா? சின்னதா இருக்கே. பொங்கல் வேற வருது."

எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அவன் அப்பாவின் ஒப்பந்தம் என் விமர்சனத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. "போடு" என்று ஒருவழியாகச் சொன்னேன்.

போட்டு ஒரு வாரம் ஆகிறது. சந்தாதாரர் 214-லிருந்து 216. அதில் ஒன்று நான். இன்னொன்று அவன் தங்கை. இத்தனை நாள் அண்ணன் சேனலில் அவளே சேரவில்லையாம். அடுத்த வீடியோவுக்கு ரெக்கார்டிங்குக்கு முன்னாலேயே அவளை உட்கார வைக்கப் போகிறான். உட்காருவதற்கு அவள் ஒரு ஃபலூடா கேட்டிருக்கிறாள்.