பசித்த நீர்

சத்தியவேடு என்ற ஊரின் பெயரைப் புவியியலாளர்கள் ஒரு பாறை அடுக்குக்கே வைத்திருக்கிறார்கள்: மணற்கல்லும், உருண்ட கூழாங்கற்களை இறுக்கிப் பிடித்த திரள்கல்லும். பக்கத்து மலைகளோ குவார்ட்சைட். அவற்றில் வழிந்து உப்பலமடுகு அருவியின் மடுக்களில் தேங்கும் மழைநீருக்குச் சுண்ணாம்பு அதிகம் கிடைப்பதில்லை. பசியோடுதான் கிடக்கிறது, ஆனாலும் அந்தக் கல்லை அது ஒன்றும் செய்துவிடாது.

அப்படிப்பட்ட மென்னீரைச் சிமெண்ட் பூசிய நீச்சல்குளத்தில் நிரப்பினால் கதை வேறு. பூச்சிலிருந்து கால்சியத்தைக் கரைத்துத் தின்னும். வழவழப்பு போய், காலில் மணல் நெருடும். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரோ நேர்மாறு, சுவரில் வெள்ளைப் படலமாய் ஒட்டிக்கொள்ளும். பழி என்னவோ கொத்தனாருக்குத்தான்!

இந்தப் பசியை அளக்க 1936-இல் லாங்கலியர் என்பவர் ஒரு குறியீட்டெண் தந்தார். பி.எச்., வெப்பநிலை, கால்சியம், காரத்தன்மை, கரைந்த உப்பு எல்லாம் அதில் அடக்கம். குடிநீர்க் குழாய்களுக்காக வந்த கணக்கு அது. குளத்துக்காரர்கள் கடன் வாங்கிக்கொண்டார்கள். பூஜ்யத்தை ஒட்டி நின்றால் நீர் தின்னவும் செய்யாது, துப்பவும் செய்யாது. எனக்கு மிகப் பிடித்த பூஜ்யம் இதுதான்.

புதுப்பூச்சு முதல் சில வாரங்கள் தானே சுண்ணாம்பைக் கசியவிட்டு பி.எச்.-ஐ ஏற்றிக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் தினமும் தேய்த்துவிட்டு, அமிலம் அளந்து ஊற்ற ஓர் ஆள் வேண்டும்.