கரடிமேல் விழுந்த பழி

1864இல் லண்டன் ராயல் அகாதெமியில் எட்வின் லேண்ட்சீர் ஒரு ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தார். பனிப்பாறைகளுக்கு நடுவே இரண்டு வெள்ளைக் கரடிகள். ஒன்று சிவப்புத் துணியைக் கிழிக்கிறது. மற்றொன்று மனித விலா எலும்பைக் கடித்தபடி தலையை உயர்த்துகிறது. கீழே ஒரு தொலைநோக்கி கிடக்கிறது. தலைப்பு: 'மனிதன் நினைக்கிறான், கடவுள் முடிக்கிறார்'.

1845இல் ஜான் பிராங்க்ளின் தலைமையில் வடமுனைக் கடலில் வழி தேடிப் போன இரண்டு கப்பல்களும் 129 பேரும் திரும்பவில்லை. அந்தச் சாவைத்தான் லேண்ட்சீர் வரைந்தார். சாம்ராஜ்யத்தின் திமிரைக் கரடி வாயில் கொடுத்த துணிச்சலை நான் மறுக்கவில்லை. என் கேள்வி வேற. அந்தப் பனியில மனுஷங்களே இல்லையா?

இருந்தார்கள். அது இனுயிட் மக்களின் மண். பசியில் செத்த வெள்ளையர்கள் கடைசியில் பிணத்தைத் தின்றார்கள் என்று 1854இல் ஜான் ரேயிடம் சொன்னதும் அவர்கள்தான். லண்டன் கொதித்தது. காட்டுமிராண்டிகளின் வார்த்தையை நம்ப முடியாது, அவர்களே கொன்றிருக்கலாம் என்று தன் பத்திரிகையில் எழுதினார் சார்லஸ் டிக்கன்ஸ். நாவல்களில் ஏழைகளுக்காகக் கண்ணீர் விட்ட அதே டிக்கன்ஸ்தான். சாட்சி என்ன சொன்னான் என்பதை விட்டுவிட்டு, சாட்சி யாரு என்று பார்க்கிற நீதி நமக்கொன்றும் புதுசில்லை.

பத்து வருஷம் கழித்து இந்த ஓவியம். எலும்பைக் கடித்தது கரடி, முடித்து வைத்தது கடவுள். வெள்ளைக்காரன் கையில் கத்தி இல்லை. பார்த்துச் சொன்னவர்களும் படத்தில் இல்லை. லேண்ட்சீர் தெரிந்தே செய்தாரா என்பதல்ல என் வாதம். படத்தைப் பார்த்துப் பதறியவர்கள்கூட இயற்கையின் கொடூரத்துக்குத்தான் பதற முடிந்தது. சாட்சியத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எலும்புகளில் கத்தி வெட்டு இருப்பதை 1997இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இனுயிட் வாய்மொழி காட்டிய பகுதியிலேயே 2014இல் எரபஸ் கப்பல் கிடைத்தது. 2016இல் இனுயிட் ஒருவர் கொடுத்த தகவலை வைத்து டெரர் கப்பலும் கிடைத்தது. வெட்டுப்பட்ட தாடை எலும்பு ஒன்று எரபஸ் கேப்டன் பிட்ஸ்ஜேம்ஸுடையது என்று 2024இல் உறுதியானது. சொன்னது நிரூபணமாக 170 வருஷம்!

ஓவியம் இப்போது ராயல் ஹாலோவே கல்லூரியில் தொங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டு பரீட்சை எழுதினால் விளங்காது என்று மாணவர்களிடையே ஒரு பயம். அதனால் பரீட்சை நாட்களில் பிரிட்டிஷ் கொடியைப் போட்டு மூடிவிடுகிறார்களாம். கரடியை மறைக்கக் கொடி வேண்டியிருக்கிறது. இனுயிட் மக்களை மறைக்க லேண்ட்சீருக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.