குற்றாலக் குறவஞ்சியில் பருவமும் பரமனும்

தென்காசியை அடுத்த மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி, இயற்கை வருணனைக்குப் பேர்போன நூலென்று பலராலும் போற்றப்படுகிறது. குற்றாலத்தில் வாழ்ந்த டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882-1954) போன்ற இரசிகர்கள் அதன் சுவையைத் தமிழுலகம் உணரச் செய்தனர். அத்தொண்டு பெரிது. ஆயினும், குறத்தி மலைவளம் கூறும் பாட்டொன்றை மாத்திரம் பிரித்தெடுத்து, அதனைச் சாரற் காலத்துக்கு ஒரு வரவேற்புரையாக்கி, எஞ்சிய நூலை மறந்துவிடும் வழக்கமும் மக்களிடை வேரூன்றியுள்ளது. பருவத்தோடு இயைந்து வாழ்தல் இதுவேயெனச் சிலர் பேசுகின்றனர். சைவர்க்கு அஃது ஏற்புடைத்தன்று.

அப்பாட்டையே முதற்கண் நோக்குக. குரங்குகள் தம்முள் கனி கொடுத்துக் கொஞ்சுவதும், சித்தர்கள் அங்கு வருவதும் யாவரும் அறிந்தவை. பாட்டின் உயிர்நிலை அதன் முடிவிலே உள்ளது. அருவித் திரை வானளாவ எழுதலால் கதிரவன் தேர்க்காலும் குதிரைகளின் காலும் வழுக்குகின்றன என்று கூறிய கவிராயர், உடனே இளம்பிறை சூடிய பெருமானைக் கொணர்ந்து நிறுத்துகிறார். பகலை வகுப்பவன் ஞாயிறு. மாதத்தை வகுப்பது மதி. முன்னவன் இம்மலையிலே கால் தடுமாறுகிறான். பின்னது சடையில் அடைக்கலம் புகுந்து அணியாய் நிற்கிறது. காலம் மாயையிற் பிறந்த தத்துவம்; சடமாதலின், செலுத்துவான் ஒருவனையின்றித் தானே இயங்காது என்பது சித்தாந்தத் துணிபு. அத்துணிபு ஈண்டுக் குறத்தியின் வாயில் எளிய விளையாட்டுப் பேச்சாய் அமைந்துள்ளது. மழையைப் புகழ்ந்து மழை தந்தானை மறப்பவர் இம்முடிவைப் படிக்காதவரே ஆவர்.

மலைவளத்துக்கு முன்னரே நூலில் மற்றொரு நிலவு வருகிறது. தலைவியின் பெயர் வசந்தவல்லி. அப்பெயரிலேயே ஒரு பருவம் உள்ளது. திரிகூடநாதர் உலாப் போதக் கண்டு காதல் கொண்டவள், பிரிவாற்றாது வெண்ணிலவைப் பழிக்கிறாள். பெருமானுக்கு அணியாகும் மதி அவளுக்கு அனலாகிறது. மதி ஒன்றே, வேறுபட்டது அவள் நிலை. வசந்தமே பெயராக உடையாளுக்கும் பருவம் ஆறுதல் தரவில்லை. அதன்பின் குறத்தி வந்து, சுட்ட அம்மதியைத் தாங்கிய பெருமானின் மலையைப் பாடிக் குறி சொல்கிறாள். குரு செய்வது இதனின் வேறன்று.

நிலவைப் பழித்தல் அகத்துறை மரபேயன்றிக் கவிராயர் புதிதாகக் கண்டதன்று எனலாம், அது மெய்யே. ஆனால் இரு நிலவையும் இவ்வாறு முன்பின்னாக வைத்தது நூலின் பேறு. இப்பொருள் நூல் முழுதும் ஓடுகிறதென்று சாதிப்பதும் மிகையாகும். சிங்கன் சிங்கியைத் தேடும் பிற்பகுதி நகைச்சுவைக்கே உரியது. பறவைகள் வயல்களில் வந்திறங்கும் இடங்கள் மட்டும் முற்பகுதியின் அழகை நினைவூட்டும்.

குற்றாலநாதர் கோயிலின் விழாமுறை இந்நூலுக்கு நல்ல உரை. மேல்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே சாரலைக் கொணரும் ஆனி, ஆடி மாதங்களில் அருவிக்கரை மக்களால் நிரம்புகிறது. கோயிலின் பெருவிழாக்களோ சித்திரை விசு, ஐப்பசி விசு, மார்கழித் திருவாதிரை என்பன. கூட்டத்தின் பருவம் வேறு, கோயிலின் பருவம் வேறு. பகலும் இரவும் ஒத்து நிற்பது விசு என்பது பண்டைக் கணக்கு. (இக்கால வானநூலார் கணக்கில் அச்சமநாள் மூன்று வாரத்துக்கு மேலாக முந்திவிடுகிறது, விழாவின் கருத்துக்கு அதனால் குறைவில்லை.) அந்நாளில் நீராடும் அடியார் இருவினையொப்பை நினைவரேல் அது பொருந்தும். திருவாதிரையன்று சித்திரசபையில் ஓவியமாய் நின்றாடும் கூத்தனை வழிபடுவோர், சாரல் நின்று குளிர் பரந்த காலத்தே வருகின்றனர்.

தலமரம் குறும்பலா. ஒரு மழையில் பலா பழுப்பதில்லை, மலபரிபாகமும் அத்தகையதே. கதிர்முன் முதிர்ந்த தாமரையே மலரும் எனச் சித்தாந்திகள் கூறும் உவமையை இம்மரத்தடியில் கண்கூடாகக் காணலாம். திருஞானசம்பந்தர் குற்றாலத்துக்கு ஒரு பதிகம் அருளியதோடு நில்லாது, குறும்பலாவுக்கென வேறொரு பதிகமும் அருளியுள்ளார்.